எக்கோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக் ஏன் நடுங்கியது?

வண்டி நடுங்குகிறது என்று சர்வீஸுக்குக் கொண்டுபோனால் "நீங்க ஓட்டுற விதம் அப்படி" என்று பதில் வருவது நம் ஊரில் மட்டும் நடப்பது என்றுதான் நினைத்திருந்தேன். ஆஸ்திரேலியாவிலும் அதே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அங்கே கதை நீதிமன்றம் வரை போனது. 2018 ஏப்ரலில் ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றம் ஃபோர்டு நிறுவனத்துக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. வழக்குத் தொடுத்தது அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம். பிரச்சினைக்குரிய வண்டிகள் மூன்று: ஃபோகஸ், ஃபியஸ்டா, அப்புறம் எக்கோஸ்போர்ட். மூன்றிலும் இருந்தது ஒரே கியர்பாக்ஸ்.

அந்த கியர்பாக்ஸோடு ஆஸ்திரேலியாவில் விற்பனையானவை சுமார் 70,000 வண்டிகள். அவற்றில் ஏறக்குறைய பாதி, கியர்பாக்ஸ் தொடர்பான ஏதோ ஒரு வேலைக்காக ஒருமுறையாவது ஒர்க்‌ஷாப் போயிருக்கின்றன. நடுக்கம் கியர்பாக்ஸ் குறையின் அறிகுறி என்று கம்பெனிக்குத் தெரிந்திருந்தும், சில வாடிக்கையாளர்களிடம் அது அவர்கள் ஓட்டும் முறையால் வருவதாகச் சொல்லியிருக்கிறது என்பது வழக்கில் வெளிவந்த விஷயங்களில் ஒன்று.

எக்கோஸ்போர்ட்டை நமக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சென்னைக்குத் தெற்கே மறைமலை நகரில், ஜிஎஸ்டி சாலையோரம் இருந்த ஃபோர்டு ஆலையில் உருவான வண்டி. 2013 ஜூனில் 5.59 லட்சம் ரூபாய் ஆரம்ப விலையில் வந்தது. நாலு மீட்டருக்குள் அடங்கும் நீளம், பின்கதவில் ஸ்டெப்னி, உயரமான இருக்கை. சின்ன கார் வாங்க வந்தவரை கிராஸ்ஓவர் பக்கம் திருப்பிய வண்டிகளில் இதற்கு முக்கிய இடம் உண்டு. இங்கிருந்து கப்பலேறி ஐரோப்பாவுக்கும் போனது. இதில் ஆட்டோமேட்டிக் கிடைத்தது 1.5 லிட்டர் பெட்ரோலில் மட்டும். டீசலும் 1.0 லிட்டர் எக்கோபூஸ்ட் டர்போ பெட்ரோலும் மேனுவல்தான்.

அந்த ஆட்டோமேட்டிக்கின் பெயர் பவர்ஷிஃப்ட். உள்வட்டாரத்தில் டிபிஎஸ்6 என்பார்கள், தயாரித்த கெட்ராக் நிறுவனத்தின் கணக்கில் 6டிசிடி250. உண்மையில் இது ஆட்டோமேட்டிக் வேடம் போட்ட மேனுவல் கியர்பாக்ஸ். இதைப் புரிந்துகொண்டால் பாதிப் புகார்களுக்கு விடை கிடைத்துவிடும்.

ஷோரூமில் எல்லாவற்றையும் 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இடது காலுக்கு வேலை இல்லை, அவ்வளவுதான் நமக்கும் வேண்டியது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் நான்கு வகை இயந்திரங்கள் இருக்கின்றன. பழைய, நம்பகமான வகை டார்க் கன்வெர்ட்டர். இதில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஆயில் இருக்கிறது. எதிரெதிரே வைத்த இரண்டு ஃபேன்களில் ஒன்றைப் போட்டால் மற்றதும் அந்தக் காற்றில் சுற்றுமே, அது மாதிரி. காற்றுக்குப் பதில் ஆயில். டிராஃபிக்கில் வண்டி ஊர்ந்தாலும் உரசித் தேயும் தகடு எதுவும் அங்கே இல்லை. சூடாவது ஆயில்தான், அதைக் கூலருக்கு அனுப்பி ஆறவைத்துக்கொள்ளலாம். என்ன, ஆயிலைக் கலக்குவதில் கொஞ்சம் சக்தி வீணாகும், மைலேஜ் அடிபடும்.

அந்த மைலேஜைக் காப்பாற்றப் பிறந்ததுதான் டூயல் கிளட்ச். யோசனை உண்மையிலேயே அழகானது. ஒன்று, மூன்று, ஐந்தாம் கியர்கள் ஒரு ஷாஃப்ட்டில். இரண்டு, நான்கு, ஆறு இன்னொன்றில். ஒவ்வொன்றுக்கும் தனிக் கிளட்ச். இரண்டாம் கியரில் போய்க்கொண்டிருக்கும்போதே மூன்றாவது கியர் பக்கத்து ஷாஃப்ட்டில் தயாராகக் காத்திருக்கும். ஒரு கிளட்ச் விட, மறு கிளட்ச் பிடிக்க, கியர் மாறியதே தெரியாது. நாலு கியர் கொண்ட பழைய ஆட்டோமேட்டிக்கை விட 9 சதவீதம் வரை எரிபொருள் மிச்சமாகும் என்று ஃபோர்டு சொன்னது. நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தவர்கள் இந்த கியர்பாக்ஸைக் குறை சொல்ல மாட்டார்கள். திண்டிவனம் தாண்டிய பிறகு இது அருமையான வண்டி.

சிக்கல் கிளட்ச்சை வைத்த இடத்தில். டூயல் கிளட்ச்சில் வெட், டிரை என்று இரண்டு வகை. வெட் வகையில் கிளட்ச் தகடுகள் ஆயிலில் மூழ்கியிருக்கும். சூட்டை ஆயில் எடுத்துக்கொண்டு போய்விடும். டிரை வகையில் அந்த ஆயில் இல்லை. மேனுவல் காரில் இருப்பதுபோல வறண்ட கிளட்ச் பிளேட், சுற்றிக் காற்று. ஆயிலை பம்ப் பண்ணும் செலவு மிச்சம், எடை குறைவு, விலையும் குறைவு. சின்ன வண்டிகளுக்கு ஃபோர்டு தேர்ந்தெடுத்தது இதைத்தான். வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பாவில் டீசல் கூகா, மொண்டியோ வண்டிகளில் ஃபோர்டு வைத்ததும் பவர்ஷிஃப்ட்தான். ஆனால் அது வெட் கிளட்ச் கொண்ட வேறு கியர்பாக்ஸ். குணம் வேறு, பெயர் மட்டும் ஒன்று. இணையத்தில் பவர்ஷிஃப்ட் பற்றி நல்லதும் கெட்டதுமாகப் படித்துக் குழம்பியவர்கள் பலர், பாதி நேரம் இரண்டு வெவ்வேறு பெட்டிகளைப் பற்றிப் படித்திருப்பார்கள்.

இப்போது ஜிஎஸ்டி சாலைக்கு வருவோம்.

டிரைவிங் ஸ்கூலில் முதல் வாரமே திட்டு வாங்கித் தருவது ஹாஃப் கிளட்ச். பெடலைப் பாதி அழுத்திக்கொண்டே வண்டியை நகர்த்துவது, ஏற்றத்தில் பிரேக் போடாமல் கிளட்ச்சிலேயே வண்டியை நிறுத்திவைப்பது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், "பிளேட்டு தேயுது, காலை எடு" என்று கத்துவார். அவர் சொல்வது சரி. இன்ஜின் ஒரு வேகத்தில் சுற்ற, சக்கரம் வேறு வேகத்தில் சுற்ற, நடுவில் மாட்டிக்கொண்ட பிளேட் அந்த வித்தியாசத்தையெல்லாம் சூடாக்கித் தீர்க்கிறது.

எவ்வளவு சூடு? சின்னக் கணக்கு ஒன்று. 1,300 கிலோ வண்டி, மேம்பாலத்தின் மிதமான ஏற்றத்தில், இருபதுக்கு ஒன்று என்று வையுங்கள், முதல் கியரில் கிளட்ச்சால் மட்டும் பிடித்து நிறுத்தப்பட்டிருக்கிறது. பின்னால் உருளாமல் இருக்க கிளட்ச் கொடுக்க வேண்டிய முறுக்குவிசை ஏறக்குறைய 12 நியூட்டன் மீட்டர். இன்ஜின் 800 ஆர்பிஎம்மில் சுற்றுகிறது, பிளேட்டின் மறுபக்கம் நிற்கிறது. பெருக்கினால் கிட்டத்தட்ட 1,000 வாட். அதாவது ஓர் இஸ்திரிப்பெட்டியை ஆன் பண்ணி கியர்பாக்ஸ் கூட்டுக்குள் வைத்து மூடியது போல. வண்டி நிற்கும்போதே இப்படி. ஏற்றத்தில் கிளம்பும்போது இன்னும் கூடும்.

மேனுவல் வண்டியில் இதைச் செய்வது நம் கால். கருகும் வாசனை வந்தால் நாமே உணர்ந்து திருத்திக்கொள்வோம். பவர்ஷிஃப்ட்டில் அந்தக் காலை எடுத்துவிட்டு இரண்டு மின் மோட்டார்களை வைத்தார்கள். அவை நெம்புகோலைத் தள்ளி கிளட்ச்சைப் பிடிக்க வைக்கும், பின்னுக்கு இழுத்து விடுவிக்கும். எப்போது, எவ்வளவு என்று கட்டளையிடுவது டிசிஎம் என்ற கம்ப்யூட்டர். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாக மெல்ல நகர வேண்டும் என்பது ஆட்டோமேட்டிக் ஓட்டுபவரின் எதிர்பார்ப்பு. டார்க் கன்வெர்ட்டரில் அது இயல்பாகவே நடக்கும். டிரை கிளட்ச்சில் அதே நகர்வைக் கொண்டுவர ஒரே வழி ஹாஃப் கிளட்ச்தான். பெருங்களத்தூரில் மாலை ஏழு மணிக்கு முன்வண்டியின் பம்பரைப் பார்த்துக்கொண்டு அடி அடியாக நகர்கிறவர், தன் காலால் ஒரு தவறும் செய்யவில்லை. ஆனால் உள்ளே கம்ப்யூட்டர் விடாமல் ஹாஃப் கிளட்ச் போட்டுக்கொண்டிருக்கிறது. டிரைவிங் ஸ்கூல்காரர் அங்கே இருந்தால் யாரைத் திட்டுவார்?

சூடு ஏறினால் பிளேட்டின் உரசும் பரப்பு மாறுகிறது. பிடிப்பு ஒரே சீராக இருக்க வேண்டிய இடத்தில் விட்டு விட்டுப் பிடிக்கிறது. கரும்பலகையில் சாக்பீஸ் சில சமயம் வழுக்கிக்கொண்டு எழுதாமல் கிறீச்சென்று துள்ளித் துள்ளிப் போகுமே, அதே விஷயம்தான் கிளட்ச்சில் நடக்கிறது. பிடித்து, வழுக்கி, பிடித்து, வழுக்கி, நொடிக்குப் பல தடவை. அது ஷாஃப்ட் வழியே சக்கரத்துக்கும் இருக்கைக்கும் வந்து சேர்கிறது. முதல் கியரில் நகரத் தொடங்கும்போதும், ஒன்றிலிருந்து இரண்டு மாறும்போதும், நடைவேகத்துக்குக் கொஞ்சம் மேலே போகும்போது அதிகம் தெரியும். மெக்கானிக்குகள் இதை ஜெர்க் என்றும் வைப்ரேஷன் என்றும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். ஆனால் கவனித்தால் இரண்டும் வேறு. ஒரே ஒரு தட்டு மாதிரி வருவது ஜெர்க், கிளட்ச் பிடிக்கும் நேரம் தப்புவதால் வருவது. உடம்பு அதிர்வது போலத் தொடர்ந்து வருவது நடுக்கம், அது பிளேட் சங்கதி.

நடுக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. டிரைவருக்கும் டிராஃபிக்குக்கும் அதில் துளியும் பங்கில்லை. ஒரு ஷாஃப்ட்டுக்குள் இன்னொரு ஷாஃப்ட் என்ற அமைப்பு இது. கியர்கள் இருக்கும் பக்கம் ஆயில், கிளட்ச் பக்கம் வறட்சி, நடுவில் காவலாக ரப்பர் ஆயில் சீல்கள். அந்த சீல் கசிந்து துளி ஆயில் பிளேட்டில் பட்டாலும் போதும், பிடிப்பு சீர்கெட்டுவிடும். சைக்கிள் பிரேக் கட்டையில் எண்ணெய் பட்ட மாதிரி. அமெரிக்காவில் ஃபியஸ்டா, ஃபோகஸ் வண்டிகளுக்கு ஃபோர்டு 2014-ல் கிளட்ச்சுக்கும் இந்த சீல்களுக்கும் வாரண்ட்டியை 7 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்று நீட்டியது. கசிகிற சீல் இல்லையென்றால் யாரும் இவ்வளவு தூரம் வாரண்ட்டி நீட்டமாட்டார்கள்.

டிசிஎம் கதை இதைவிடக் கொஞ்சம் பயமூட்டுவது. அந்தக் கம்ப்யூட்டர் கியர்பாக்ஸின் மேலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. இன்ஜின் சூடும் அதிர்வும் நேராக அதற்கு. உள்ளே மின்தொடர்பு விட்டுப்போனால் கியர் காணாமல் போகும், அல்லது வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. இந்தக் கிளட்ச்கள் மின்சாரம் தள்ளினால்தான் பிடிக்கும், தள்ளாவிட்டால் ஸ்பிரிங் விலக்கிவிடும். அதனால் டிசிஎம் படுத்தால் வண்டி நியூட்ரல் விழுந்தது போல உருண்டு போகும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இன்ஜின் கத்துமே தவிர வண்டி போகாது. சக்கரம் பூட்டிக்கொள்வதை விட இது மேல்தான், ஆனால் நடு ரோட்டில் லாரிக்கு முன்னால் யாரும் அப்படி ஆறுதல் பட்டுக்கொள்ள மாட்டார்கள். இதற்கு அமெரிக்காவில் கொடுத்த வாரண்ட்டி 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல், நம் கணக்கில் 2.4 லட்சம் கிலோமீட்டர்.

ஒர்க்‌ஷாப்பில் முதலில் செய்வது சாஃப்ட்வேர் அப்டேட், அப்புறம் ரீலேர்ன். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கத் தொடங்குகிறது என்று கம்ப்யூட்டருக்குப் புதிதாகக் கற்றுக்கொடுப்பது. பிளேட் தேயத் தேய அந்த இடம் நகர்வதால் இது தேவையான வேலைதான், ஏமாற்று இல்லை. ஜெர்க் இதில் பெரும்பாலும் அடங்கும். ஆனால் ஆயில் பட்ட பிளேட்டையும் கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆகிவிட்ட பிளேட்டையும் சாஃப்ட்வேரால் திருத்த முடியாது. வீட்டுக்கு வந்த நாலு நாளில் பழையபடி நடுங்கும். மூன்றாவது தடவை போகும்போதுதான் "ஓட்டுற விதம்" என்ற பேச்சு தொடங்கும்.

அந்தப் பேச்சில் உண்மையே இல்லையா? கொஞ்சம் இருக்கிறது, அதுதான் தொல்லை. பிரேக்கை லேசாகத் தொட்டபடி அங்குலம் அங்குலமாக நகர்ந்தால் கிளட்ச் அதிகம் வழுக்கும். முன்னால் ஒரு வண்டி நீளம் இடைவெளி விழும்வரை பிரேக்கை அழுத்தி நின்று, பிறகு தயங்காமல் கிளம்பினால் கிளட்ச் சட்டென்று முழுதாகப் பிடித்துக்கொள்ளும், சூடு குறையும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தாமல் பிரேக்கால் நிறுத்தினால் பிளேட் பிழைக்கும். டிரை கிளட்ச் வைத்திருக்கிற யாருக்கும் இதைச் சொல்வேன். சென்னையில் ஒரு வண்டி நீளம் இடைவெளி விட்டால் அதில் இரண்டு ஆட்டோவும் ஒரு ஸ்கூட்டரும் நுழைந்துவிடும் என்பது வேறு விஷயம்.

ஆனால் வாங்கும்போது இதை யாரும் சொல்லவில்லையே? டிராஃபிக்கில் கால் வலிக்கிறது என்பதற்காகத்தான் மக்கள் கூடுதல் பணம் கொடுத்து ஆட்டோமேட்டிக் வாங்குகிறார்கள். டிராஃபிக்தான் அதன் வேலை. அந்த வேலையைச் செய்ததற்காக வாங்கியவரைக் குற்றம் சொல்வது, குடை வாங்கியவரிடம் மழையில் ஏன் போனாய் என்று கேட்பது மாதிரி. ஆஸ்திரேலியாவில் வண்டி உரிமையாளர்கள் சேர்ந்து தொடுத்த தனி வழக்கில், 2021-ல் ஃபெடரல் நீதிமன்றம் இந்த வண்டிகள் சட்டம் கேட்கும் தரத்தில் இல்லை என்றே தீர்ப்பளித்தது. தாய்லாந்திலும் 2018-ல் வாடிக்கையாளர்கள் கூட்டாகப் போட்ட வழக்கில் ஃபோர்டு இழப்பீடு கொடுக்க உத்தரவானது. அமெரிக்காவில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. 2018-ல் எக்கோஸ்போர்ட் அமெரிக்காவுக்குப் போனபோது அதில் இருந்தது டார்க் கன்வெர்ட்டர்.

இந்தியாவிலும் அந்த மாற்றம் 2017 நவம்பரில் வந்தது. முகம் மாறிய புது எக்கோஸ்போர்ட்டில் டிராகன் என்ற மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், 123 பிஎஸ், ஆறு வேக டார்க் கன்வெர்ட்டர். பவர்ஷிஃப்ட்டை ஓசையில்லாமல் கைவிட்டார்கள். பழைய தொழில்நுட்பத்துக்குத் திரும்பிப்போவதைப் புது மாடலின் சிறப்பம்சமாக விளம்பரம் செய்ய எந்தக் கம்பெனிக்கும் மனம் வராது.

டிரை கிளட்ச் என்றாலே ஒதுக்கிவிடலாமா என்று கேட்டால், மாட்டேன். ஃபோக்ஸ்வாகனின் ஏழு வேக டிரை டிஎஸ்ஜி (டூயல் கிளட்ச்சுக்கு அவர்கள் வைத்த பெயர்) சீனாவில் பெரும் தலைவலி கொடுத்தது, 2013-ல் 3,84,181 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அதே குடும்பத்து கியர்பாக்ஸ்தான் இன்று டைகுன், குஷாக் 1.5 லிட்டர் வண்டிகளில் இருக்கிறது. கிரெட்டா, செல்டோஸ் டர்போவின் டிசிடியும், அதாவது டூயல் கிளட்ச்சும், டிரை வகைதான். டாடா வெட் கிளட்ச் பக்கம் போனது. நடுவில் பத்து வருடம் கம்பெனிகள் பாடம் படித்திருக்கின்றன. பிளேட்டின் பொருள், சாஃப்ட்வேர், சூடு ஏறினால் முன்கூட்டியே திரையில் எச்சரிப்பது எல்லாம் மாறியிருக்கின்றன. ஆனாலும் இயற்பியல் மாறவில்லை. தினமும் ஓஎம்ஆரில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து போகிறவருக்கு டார்க் கன்வெர்ட்டர் அல்லது சிவிடி (தனித்தனி கியர்கள் இல்லாமல் பெல்ட்டும் புல்லியும் கொண்டு வேகம் மாற்றும் வகை) என்றுதான் சொல்வேன். சிவிடிக்கும் தனிச் சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் நிஸான் ரோக் கிராஸ்ஓவரின் 2014 முதல் 2018 வரையிலான மாடல்களுக்கு, வழக்குக்குப் பிறகு சிவிடி வாரண்ட்டியை 84,000 மைல் வரை நீட்ட வேண்டி வந்தது. அங்கே தொல்லை இரும்பு பெல்ட்டும் புல்லியும். நான்காவது வகை ஏஎம்டி, சாதாரண மேனுவல் கியர்பாக்ஸின் கிளட்ச்சையும் கியரையும் இயந்திரமே இயக்குவது. மலிவு, ரிப்பேரும் எளிது, கியர் மாறும்போது வரும் தலையாட்டலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஆகவே இன்றைக்கு எக்கோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக் என்றால் பழைய வண்டிதான். விலை கண்ணைப் பறிக்கும், வண்டியும் கட்டுக்குலையாமல் இருக்கும். 2013 முதல் 2017 வரை வந்த ஆட்டோமேட்டிக் என்றால், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு டெஸ்ட் டிரைவ் கேளுங்கள். காலையில் ஆறிக்கிடந்த வண்டி நடுக்கத்தைக் காட்டாமல் மறைத்துவிடும். அரை மணி நேரம் டிராஃபிக்கில் ஓட்டி, ஒரு மேம்பால ஏற்றத்தில் நின்று கிளம்பிப் பாருங்கள். கிளட்ச் எப்போது மாற்றினார்கள், கூடவே சீல் மாற்றினார்களா, டிசிஎம் மாற்றினார்களா என்று பில்லோடு கேளுங்கள். கிளட்ச் மட்டும் மாற்றி சீலை விட்டிருந்தால், அந்தப் புது பிளேட்டின் ஆயுள் பழைய சீலின் கையில்.

2017 கடைசியில் பதிவான வண்டி என்றால் எந்தக் கியர்பாக்ஸ் என்பதில் குழப்பம் வரும். விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆர்சி அட்டையைக் கேட்டு வாங்கி, சிலிண்டர் எண்ணிக்கை போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் பெட்ரோலில் 3 என்றிருந்தால் டார்க் கன்வெர்ட்டர். 4 என்றிருந்தால் பவர்ஷிஃப்ட்.